காலத்தை மீட்டுக்கொள்ளுதல்

வேதபாடம்: எபேசியர் 5:15-17, மாற்கு 5:21-43



இந்த ஊழியத்தைத் தாங்கிவரும் குடும்பங்களிலிருந்து காணிக்கையோடு சிறு குறிப்புகளும் எங்களுக்கு வருவது உண்டு. சமீபத்தில் வந்த குறிப்புகளில் ஒரே காரியம் மறுபடியும் மறுபடியும் கண்ணில் பட்டது. "ஐயா, பணம் அனுப்ப முடிகிறது, நேரம்தான் கொடுக்க முடியவில்லை." ஒரு சகோதரி இன்னும் வெளிப்படையாக, "ஜெபிக்கவும் நேரம் கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக இந்தக் காணிக்கை" என்று எழுதியிருந்தார்கள்.

அந்தச் சகோதரியை நான் குறை சொல்லமாட்டேன். விடியுமுன் எழுந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து, பேருந்து பிடித்து வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஒரு தாய்க்கு நேரம் எங்கிருந்து வரும்? ஆனால் "அதற்குப் பதிலாக" என்ற அந்த ஒரு வார்த்தை என் மனதில் நின்றுவிட்டது. பணத்தை நேரத்திற்குப் பதிலாகக் கொடுக்க முடியுமா? காலத்தைக் குறித்து வேதம் உண்மையில் நம்மிடம் கேட்பதுதான் என்ன? இம்முறை அதைச் சேர்ந்து தியானிப்போம்.

சந்தையும் காலமும்

எபேசியர் 5:16-ஐ நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். புத்தாண்டு ஆராதனையில் இந்த வசனத்தின்மேல் பிரசங்கம் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. அநேகமாக அந்தப் பிரசங்கம், "அதிகாலையில் எழும்புங்கள், சோம்பலாயிராதேயுங்கள், திட்டமிட்டு வேலை செய்யுங்கள்" என்று முடியும். அவையெல்லாம் நல்ல புத்திமதிகள்தான். ஆனால் அதற்குப் பவுல் அப்போஸ்தலர் தேவையில்லை. பள்ளிக்கூட வாத்தியாரே போதும்.

பவுல் எழுதிய கிரேக்கச் சொல் "எக்ஸகொராசோ". அதற்குள்ளே "அகோரா", அதாவது சந்தை, என்ற சொல் இருக்கிறது. சந்தைக்குப் போய், பிறர் கையில் இருக்கும் ஒன்றை விலை கொடுத்து வெளியே கொண்டுவருவது என்பது அதன் கருத்து. கலாத்தியர் 3:13-லும் 4:5-லும் கிறிஸ்து நம்மை மீட்டுக்கொண்டதைச் சொல்லும்போது பவுல் பயன்படுத்துவதும் இதே சொல்தான். நம் தமிழ் வேதாகமம் இதைப் பிரயோஜனப்படுத்துதல் என்று கொடுத்திருக்கிறது. அது சரியான கருத்தே. ஆயினும் அதில் சந்தை வாடை போய்விட்டது, விலையும் மறைந்துவிட்டது. காலம் சும்மா கிடக்கும் பொருள் அல்ல, வேறொருவர் கையில் அகப்பட்டிருக்கும் பொருள் என்பதே பவுலின் எண்ணம். ஆகவேதான் நாட்கள் பொல்லாதவை என்று காரணம் காட்டுகிறார். நாட்கள் குறைவானவை என்று அவர் இங்கே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நாம் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால் நம்முடைய நாள் நம்மிடம் தங்காது. கடன்காரனோ, தொலைக்காட்சியோ, கைப்பேசியோ, வீண் வம்போ, நம் சொந்தப் பயங்களோ அதை எடுத்துக்கொண்டு போய்விடும்.

காலத்திற்கும் கிரேக்க மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. கடிகாரம் அளக்கும் காலத்தைக் "க்ரோனோஸ்" என்பார்கள். இந்த வசனத்தில் இருப்பதோ "கைரோஸ்", அதாவது தருணம், ஏற்ற வேளை. நெல் அறுக்கும் பருவத்தைப்போல அது வரும். நாம் இல்லாவிட்டால் போய்விடும். இந்த இரண்டு சொற்களும் எல்லா இடத்திலும் இப்படிக் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நிற்பதில்லை. என்றாலும் இந்த வசனத்திற்கு இந்த வித்தியாசம் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வேதாகமக் கல்லூரியில் கிரேக்க வகுப்பில் இதை முதன்முதலாகக் கண்டபோது எனக்கு ஆச்சரியமாயிருந்தது. காலத்தை விலைக்கு வாங்குதல் என்ற இதே சொற்சேர்க்கை பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் ஒரு இடத்தில் வருகிறது. தானியேல் 2:8. தன் சொப்பனத்தைச் சொல்ல முடியாமல் தவிக்கும் கல்தேயரைப் பார்த்து நேபுகாத்நேச்சார் ராஜா கோபத்தோடு பேசும் இடம். நீங்கள் தவணை வாங்கப் பார்க்கிறீர்கள், நாளைக் கடத்தப் பார்க்கிறீர்கள் என்பது அவன் குற்றச்சாட்டு. ஒரே சொல், இரண்டு எதிரான செயல்கள்! தருணத்தை விலை கொடுத்துப் பிடிப்பதும் காலத்தை வாங்குதல்தான். செய்யவேண்டியதைத் தள்ளிப்போட்டுத் தவணை கேட்பதும் காலத்தை வாங்குதல்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு பேரும் வேலையாகவே இருப்பார்கள்.

பவுல் கொடுத்த விலை

எபேசு பட்டணத்தில் பவுல் எப்படி வாழ்ந்தார் என்பதை அப்போஸ்தலர் நடபடிகளில் காண்கிறோம். தம்முடைய தேவைகளுக்கும் தம்மோடிருந்தவர்களின் தேவைகளுக்கும் கைகளால் வேலை செய்தார் (20:34). அதோடு திறன்னு என்பவனுடைய பாடசாலையில் இரண்டு வருஷகாலம் அனுதினமும் போதித்தார் (19:9, 10). வேலை செய்யும் மனிதனுக்குத் தினந்தோறும் போதிக்க நேரம் ஏது?

சில பழைய கையெழுத்துப் பிரதிகளில், சிறப்பாகப் பெசா என்று அழைக்கப்படும் பிரதியில், இந்த இடத்தில் ஒரு சிறு குறிப்பு கூடுதலாக இருக்கிறது. ஐந்தாம் மணி முதல் பத்தாம் மணி வரைக்கும் போதித்தார் என்பது அந்தக் குறிப்பு. நம் கணக்கில் அது ஏறக்குறைய காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை. மூல வசனத்தில் இது இருந்திராது என்பது பெரும்பாலான வேத அறிஞரின் கருத்து. நம் வேதாகமத்திலும் இல்லை. ஆயினும் அக்கால வழக்கத்தை அறிந்த ஒருவர்தான் இதை எழுதியிருக்கவேண்டும். அந்தத் தேசங்களில் காலையில் வேலை முடித்து, உச்சிவெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவார்கள். பாடசாலை அந்த நேரத்தில் காலியாகத்தான் கிடக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலை அறிந்த உங்களுக்கு அந்த நேரத்தின் அருமை தெரியும். பவுல் தம்முடைய மத்தியான உறக்கத்தை விலையாகக் கொடுத்து அந்த மணி நேரங்களை வாங்கினார். கேட்க வந்தவர்களும் அப்படியே கொடுத்தார்கள்.

காலத்தை மீட்பது என்றால் ஒரு நாளில் இன்னும் அதிகக் காரியங்களைத் திணிப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சந்தையில் கையிலிருப்பதைக் கொடுக்காமல் ஒன்றும் வாங்க முடியாது. எதை வாங்கலாம் என்று கேட்பதற்குமுன், எதைக் கொடுக்கப்போகிறேன் என்று கேட்கவேண்டும். "நேரம் கிடைத்தால் வருகிறேன்" என்று சொல்பவர்கள் வருவதேயில்லை என்பதை வார்டுகளில் நான் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன்.

இந்த வசனத்தின் தொடர்ச்சியையும் விட்டுவிடாதிருங்கள். நாம் 16-ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டு, ஊழியப் பட்டியல் போட உட்கார்ந்துவிடுகிறோம். பவுல் நிறுத்தவில்லை. கர்த்தருடைய சித்தம் இன்னதென்று உணருங்கள் என்கிறார். பிறகு, அந்தச் சித்தம் எங்கே தொடங்குகிறதென்று பாருங்கள். மனைவி, புருஷன், பிள்ளைகள், தகப்பன்மார், வீட்டில் வேலை செய்பவர்கள்! 5:21 முதல் 6:9 வரைக்கும் வீடுதான். மீட்கப்பட்ட காலத்தின் முதல் பங்கு வீட்டாருக்குப் போகிறது. ஊழியக்காரர்களின் பிள்ளைகள் சிலர் என் அறைக்கு வந்து பேசியிருக்கிறார்கள். "அப்பாவுக்கு எல்லாருக்கும் நேரம் இருந்தது" என்பார்கள். அதற்குமேல் சொல்லமாட்டார்கள்.

வழியில் நின்ற கர்த்தர்

இப்பொழுது மாற்கு 5-ஆம் அதிகாரத்திற்கு வருவோம். மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இதைவிட நெருக்கமான அதிகாரம் இல்லை.

ஜெப ஆலயத் தலைவனான யவீரு வருகிறான். மகள் மரணத் தறுவாயில் இருக்கிறாள். பன்னிரண்டு வயது. கர்த்தர் அவனோடு புறப்படுகிறார். திரளான ஜனங்கள் நெருக்கிக்கொண்டு கூட வருகிறார்கள். அதற்குள் ஒரு ஸ்திரீ. அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பெரும்பாடு. அந்தப் பிள்ளை பிறந்த வருஷத்திலிருந்து இவளுக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. வைத்தியர் பலரிடம் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் குணமடையாமல் இன்னும் வருத்தமாயிற்று என்று மாற்கு எழுதுகிறார். (மருத்துவமனைக்காரர்களாகிய நாங்கள் இந்த வசனத்தைச் சற்று வேகமாக வாசித்துக் கடந்துவிடுவோம்!)

எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் இவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன நடக்கும்? மூச்சுத் திணறும் பிள்ளையைத்தான் முதலில் உள்ளே கொண்டுபோவார்கள். பல வருஷ வியாதிக்காரியை உட்காரச் சொல்வார்கள். அதில் தவறில்லை. எந்த நோயாளிக்கு நிமிடங்கள் உயிரைத் தீர்மானிக்குமோ அவருக்கு முதலிடம் என்பது மருத்துவ ஒழுங்கு. மூளையில் இரத்தக் கட்டி அடைத்த பக்கவாத நோயாளிக்கு, கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு வந்தால் மருந்து இருந்தும் பெரும்பாலும் கொடுக்க இயலாது. ஆகையால் ஒருவருக்கு முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுக்கவைக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இதை இந்தப் பாடத்தின் நடுவில் சொல்வதற்கு நான் தயங்கவில்லை.

அப்படியிருக்க, கர்த்தர் ஏன் நின்றார்? அவள் ஏற்கெனவே சுகமடைந்துவிட்டாள் என்று 29-ஆம் வசனம் சொல்கிறது. நடந்துகொண்டே போயிருக்கலாம். சீஷர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அவரோ திரும்பி நின்று, தம்மைத் தொட்டது யார் என்று கேட்டார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து உண்மையையெல்லாம் சொன்னாள் என்று 33-ஆம் வசனத்தில் இருக்கிறது. உண்மையையெல்லாம்! பன்னிரண்டு வருஷக் கதை. அது ஒரு நிமிடத்தில் முடிகிற கதையா? அவள் பேசிக்கொண்டிருக்கையிலே பக்கத்தில் யவீரு நிற்கிறான். அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று வேதம் சொல்லவில்லை. அவர்கள் பேசி முடிப்பதற்குள் பிள்ளை மரித்துவிட்ட செய்தி வருகிறது.

"ஆகையால் அவசரம் முக்கியமல்ல" என்று இதிலிருந்து யாரும் பாடம் எடுக்கவேண்டாம். மரித்த பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பக் கர்த்தரால் முடிந்தது. எங்கள் டாக்டர்களால் முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. சரீரம் சுகமானது போதும் என்று அவர் அந்த ஸ்திரீயைக் கூட்டத்தில் மறைந்துபோக விடவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தீட்டுள்ளவள் என்று ஒதுக்கப்பட்டவளை எல்லாருக்கும் முன்பாக மகள் என்று அழைத்தார். அவள் கதை முழுவதையும் கேட்டார். புறநோயாளிகள் பிரிவில் ஒரு டாக்டருக்கு ஒரு நோயாளியோடு சில நிமிடங்களே கிடைக்கும். வெளியே வரிசை காத்திருக்கும். மீதிக் கதையைக் கேட்பது யார்? இரவுப்பணிச் சகோதரிகள் கேட்கிறார்கள். வார்டு ஆயாம்மாக்கள் கேட்கிறார்கள். போதகர் என்ற முறையில் நானும் கேட்கிறேன். நாங்கள் சிலரே.

இதற்கு எதிரான ஒரு பகுதியும் அதே சுவிசேஷத்தில் உண்டு, அதை மறைக்கக்கூடாது. கப்பர்நகூமில் ஒரு சாயங்காலம் ஊர் முழுவதும் வாசலில் கூடியிருந்தது, அநேகரைச் சுகமாக்கினார். மறுநாள் இருட்டோடே எழுந்து, வனாந்தரமான இடத்திற்குப் போய் ஜெபித்தார். எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொன்னபோது அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார் (மாற்கு 1:32-38). அங்கே சுகமாகாமல் விடப்பட்டவர்கள் இருந்திருப்பார்களே என்று என் மனம் இன்றும் கேட்கிறது. ஓரிடத்தில் நிற்கிறார், ஓரிடத்தில் விட்டுப் போகிறார். எந்தக் கடிகாரமும் அட்டவணையும் இந்த இரண்டையும் நமக்கு விளக்கிக் காட்டாது. இருட்டோடே எழுந்த அந்த ஜெபத்தில்தான் அவருக்கு அது தெளிவாயிற்று என்று நான் விசுவாசிக்கிறேன். ஜெபத்திற்கு நேரமில்லை என்கிற சகோதரியே, ஒரு மணி நேரம் வேண்டாம். பேருந்தில் ஜன்னலோரம் உட்காரும் அந்தப் பத்து நிமிடம் போதும். "ஆண்டவரே, இன்றைக்கு எங்கே நிற்கவேண்டும், எதை விடவேண்டும்?" என்று கேளுங்கள்.

கோயில் வேலையும் தவணையும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆண்கள் வார்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஈரலில் புற்றுநோய். டாக்டர்கள் குடும்பத்தாரிடம் நாள் கணக்கைச் சொல்லிவிட்டார்கள். அவருக்கும் தெரியும். ஒரு புதன்கிழமை நான் ஜெபித்து முடித்ததும் என் கையை விடாமல், "ஐயா, தம்பியைப் பார்க்கணும்" என்றார். தகப்பனார் விட்டுப்போன கிணற்றுப் பங்கில் தகராறு. பதினான்கு வருஷமாகப் பேச்சில்லை. ஒரே சபை, ஒரே ஆராதனை. அண்ணன் தெற்கு வாசலில் வருவார், தம்பி வடக்கு வாசலில் போவார்.

அன்று மாலையே தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் கல்நெஞ்சர் அல்ல. செய்தி கேட்டதும் அழுதுவிட்டார். "அண்ணன் என்னைக் கேட்டாங்களா ஐயா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை எங்க ஊர்ல அசனம் ஐயா. நான்தான் கமிட்டித் தலைவர். அரிசி, காய்கறி, பந்தல் எல்லாம் என் பொறுப்பு. அசனம் முடிஞ்சதும் திங்கட்கிழமை முதல் பஸ்ஸுல வந்துடுறேன்" என்றார். "தம்பி, இன்றைக்கே புறப்படுங்கள். அரிசி பொங்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள், அண்ணனுக்கு நீங்கள் ஒருவர்தான்" என்றேன். சரி ஐயா, பார்க்கிறேன் ஐயா என்றார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கூப்பிட்டேன். பந்தல் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை இரவு ஆசிரியர், "தம்பி கிளம்பிட்டானா?" என்று மகளிடம் கேட்டார். ஞாயிறு விடியுமுன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தம்பி மத்தியானம் வந்து சேர்ந்தார். வேட்டியில் சமையல் கறை அப்படியே இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "நான் சும்மா இருக்கலியே ஐயா, கோயில் வேலையாத்தானே இருந்தேன்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குப் பதில் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

அசனத்தை நான் குறைவாகப் பேசவில்லை. சாதி, அந்தஸ்து பாராமல் ஒரே பந்தியில் ஊரார் சாப்பிடுகிற அருமையான வழக்கம் அது. ஆனால் ஒரு நல்ல வேலை, அதைவிடக் கஷ்டமான ஒரு வேலையிலிருந்து நமக்குத் தவணை வாங்கிக் கொடுக்கும். தானியேல் 2:8-இன் தவணை அதுதான். பலிபீடத்தினிடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போகும்படி கர்த்தர் மத்தேயு 5:23, 24-இல் சொன்னாரே! ஆராதனையே காத்திருக்கட்டும் என்று அவர் சொன்ன காரியம் வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

பன்னிரண்டரை வருஷமும் இருபது வருஷமும்

சங்கீதம் 90-ஐ மோசேயின் ஜெபம் என்று தலைப்பு சொல்கிறது. அதில் எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது என்று வருகிறது. எழுபது வருஷத்தை நாளாக்கினால் ஏறக்குறைய 25,500. எண்ணிப் பார்த்தால் அதிகமில்லை. ஆனால் எண்ணிக்கை குறைவாய் இருப்பவர்களைத் தேவன் குறைவாகப் பயன்படுத்துகிறார் என்று நினைக்கவேண்டாம்.

சீகன்பால்கு ஐயர் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24-ஐத் தொடவில்லை. சரீர பெலம் ஒருபோதும் இருந்ததில்லை. 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 36-ஆம் வயதில் மரித்தார். பன்னிரண்டரை வருஷம் மட்டுமே. அதிலும் ஐரோப்பாவுக்குப் போய் வந்த காலம் கழிந்தது, நான்கு மாதம் தரங்கம்பாடிக் கோட்டையில் சிறையிருப்பு. அதற்குள் தமிழைக் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1715-இல் அச்சிட்டு முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்தார். மீதியைப் பின்னால் வந்த ஷூல்ட்சே ஐயர் முடித்தார். மணலில் விரலால் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்தைப் படித்தவர் அவர். நாளில் இன்ன மணி முதல் இன்ன மணி வரைக்கும் தமிழ் நூல்கள் வாசிப்பு, இன்ன நேரம் வேதபாடம், இன்ன நேரம் ஜனங்களோடு பேச்சு என்று ஒழுங்கு வைத்திருந்தார் என்பதை அவருடைய கடிதங்களால் அறிகிறோம். முடிக்காமல் போனார் என்பதும் எனக்கு ஆறுதலாயிருக்கிறது. ரூத்தோடு நின்ற அந்தக் கையெழுத்துப் பிரதியை நினைக்கும்போது, என் மேஜையில் பாதியில் கிடக்கும் காரியங்களைக் குறித்து எனக்குப் பயமில்லை.

டோனாவூரின் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதை வேறு விதம். 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். பிறகு தாய்நாடு திரும்பவேயில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவாக ஓடியாடினவர். 1931-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டபின், 1951-இல் மரிக்கும்வரைக்கும் ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் தன் அறையிலும் படுக்கையிலுமே இருந்தார். அந்த வருஷங்களில்தான் வியாதியஸ்தருக்கென்று புத்தகங்களும் எண்ணற்ற கடிதங்களும் எழுதினார். ஆனால் "படுத்துக்கொண்டே புத்தகம் எழுதினார், ஆகவே காலத்தை வீணாக்கவில்லை" என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. எழுத முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? எங்கள் டயாலிசிஸ் பிரிவில் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு படுத்திருப்பவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒரு வயதான அம்மா, பக்கத்துப் படுக்கைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும், "முதல் நாள்தான் பயமா இருக்கும் கண்ணு, அப்புறம் பழகிடும்" என்பார்கள். அந்த நான்கு மணி நேரத்தில் அவர்கள் செய்வது அவ்வளவுதான். அதை வீண் என்று எண்ணுகிறவன் வந்து ஒரு நாள் பார்க்கட்டும்.

ஓய்வுநாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாத்திராகமம் 20-இல் ஓய்வுக்குக் காரணம் சிருஷ்டிப்பு. உபாகமம் 5-இல் காரணம் வேறு: நீங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தீர்கள் என்பது. அடிமைக்கு ஓய்வு கிடையாது. ஓய்ந்திருப்பது விடுதலையானவனின் அடையாளம். நம் சபை மக்களில் வாரத்தின் ஏழு நாட்களில் ஞாயிற்றுக்கிழமைதான் அதிகக் களைப்பாயிருப்பவர்கள் எத்தனை பேர்! மூப்பர்கள் இதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

இரண்டு பணமும் ஒரு இரவும்

"அதற்குப் பதிலாக" என்ற கேள்விக்கு வருகிறேன். நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான் (லூக்கா 10:35). அது அக்காலத்தில் இரண்டு நாள் கூலி. ஆனால் அதற்குமுன் தன் கையால் காயங்கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், அந்த இரவு முழுவதும் பராமரித்தான். மறுநாளோ தன் பிரயாணத்தைத் தொடர்ந்தான்! அவன் தன் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சத்திரத்திலேயே தங்கிவிடவில்லை. ஒரு இரவைக் கொடுத்தான், பிறகு பணத்தைக் கொடுத்தான், திரும்பி வருவேன் என்று வாக்கும் கொடுத்தான். உங்கள் காணிக்கை அந்த இரண்டு பணம். அதனால் இங்கே மருந்து வாங்கப்படுகிறது. அதை நாங்கள் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் காயங்கட்டுகிற கையை இரண்டு பணத்தால் வாங்க முடியாது.

இரத்தம் அப்படிப்பட்டது. பணம் கொடுத்தாலும் அதைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது. பிரித்தெடுத்த சிவப்பணுக்களைக் குளிர்ப்பெட்டியில் 35 முதல் 42 நாட்கள் வரை வைக்கலாம். தட்டணுக்களோ 5 நாட்கள்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் உற்சாகமாய் முகாம் நடத்தி நூறு பேர் கொடுத்தாலும், பொங்கல் கழிந்து வருகிற நோயாளிக்கு அந்தத் தட்டணுக்கள் இருக்காது. 18 வயது முதல் 65 வயது வரைக்கும், 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறை. ஊசி கையில் இருப்பது பத்து நிமிடம்தான். பதிவு, பரிசோதனை, பிறகு குடிக்கக் கொடுக்கும் பழச்சாறு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும்.

காசநோய்க்குச் சாதாரணமாக ஆறு மாத மருந்து. முதல் மாதம் முடிவதற்குள் இருமல் குறைந்து, பசி எடுத்து, சுகமாகிவிட்டதுபோல் இருக்கும். பலர் அங்கேதான் மருந்தை நிறுத்துகிறார்கள்; வியாதி திரும்பும்போது பழைய மருந்துக்கு அடங்காமல் போகலாம். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், ஆறு மாதத்திற்கு வாரம் ஒருமுறை மாலையில் போய், "அண்ணே, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். டாக்டர் பட்டம் வேண்டாம்.

நோயாளியைப் பார்க்க வரும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் கொண்டுவருகிறீர்கள், சந்தோஷம். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நோயாளி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலைதோறும் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறவர்கள், வந்த இடத்தில் அதே வசனத்தை வாயால் சொல்லலாமே!

எங்கள் பார்வையாளர் நேரம் மாலை 4 மணி முதல் 6 மணி வரை. சொந்தக்காரர் யாரும் வராத நோயாளிகளின் படுக்கை எண்களை ஒவ்வொரு நாளும் வார்டுச் சகோதரிகள் என்னிடம் கொடுக்கிறார்கள். சிற்றாலயத்தின் வாசலில் அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பெயரையும், மாதத்தில் எந்த நாள் ஒரு மணி நேரம் வரமுடியும் என்பதையும் அதில் எழுதுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் ஒரு அஞ்சலட்டை எழுதி என் பெயருக்கு அனுப்பினால், யாருமில்லாத ஒரு படுக்கைக்கு அதைக் கொண்டுபோய் நானே வாசித்துக் காட்டுவேன். பெரிய எழுத்தில் எழுதுங்கள். எனக்கும் கண் முன்போல் இல்லை.